மொரிஸ் மைனர் ஸ்டியரிங் கோளாறு: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

திருகோணமலையில் பழைய கார் வைத்திருப்பவர் யாரைக் கேட்டாலும் முதலில் துருவைப் பற்றித்தான் சொல்வார். உப்புக் காற்று கதவின் அடியையும் மட்கார்டின் ஓரத்தையும் தின்பது கண்ணுக்குத் தெரிகிறது. அதே உப்பும் கடற்கரை மணலும் முன் சில்லுக்குப் பின்னால் இருக்கும் மரைகளில் செய்கிற வேலை கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும், ஸ்டியரிங் வழியாக. அந்தக் கை உணர்விலிருந்து பிழையைத் தேடிப் போகும் முறையை இங்கே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் இருப்பது மொரிஸ் மைனர் 1000. அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

மைனர் 1948இல் வெளிவந்த கார். அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்தது. அந்தக் காலத்துச் சிறிய கார்கள் பலவற்றில் ஸ்டியரிங் பெட்டி இருந்தபோது, இதற்கு ராக் அன்ட் பினியன் வைத்தார்கள். ஸ்டியரிங் தண்டின் நுனியில் ஒரு சிறிய பல்சக்கரம் (பினியன்), அது தள்ளும் ஒரு பல்தண்டு (ராக்), இரண்டு பக்கமும் சில்லைத் திருப்பும் ஒவ்வொரு ரை ரொட், அவ்வளவுதான். மூட்டுகள் குறைவு என்பதால் பிழை ஒளியவும் இடம் குறைவு. ஒழுங்காகத் தேடினால் அரை நாளில் கண்டுபிடித்துவிடலாம். ஒழுங்கில்லாமல் தேடினால் கொழும்பில் உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போய் ஒரு ராக்கை வாங்கி வந்து மாட்டிய பிறகும் கார் அப்படியேதான் இருக்கும். அப்படிப் பலர் காசைக் கரைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்னால்

எந்த அறிகுறி என்றாலும் முதலில் ரயர் காற்றைப் பாருங்கள், அதுவும் காலையில், ரயர் ஆறியிருக்கும்போது. பழைய குறுக்குநூல் (கிராஸ் பிளை) ரயருக்குக் கைநூல் சொல்லும் அளவு முன்பக்கம் சதுர அங்குலத்துக்கு 22 இறாத்தல். இப்போது பெரும்பாலானவர்கள் போட்டிருக்கும் 145 அகல ரேடியலுக்கு 26 முதல் 28 வரை வைத்தால் ஸ்டியரிங் இலேசாக இருக்கும். ஒரு சில்லில் ரேடியலும் மற்றதில் குறுக்குநூலும் இருந்தால் மேற்கொண்டு எதையும் தேட வேண்டாம், அதைச் சரிசெய்துவிட்டு வாருங்கள். ஒரே அச்சில் இரண்டு வகையும் இருக்கவே கூடாது.

காரைத் தூக்கும் இடம் சீமெந்துத் தரையாக இருக்க வேண்டும். நம் வளவுகளில் பாதி மணல். ஜக் ஒரு பக்கமாக அமிழ்ந்து கார் சரிந்தால் அடியில் இருப்பவர் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. வேறு வழியில்லை என்றால் தடித்த பலகை போட்டு, அதன் மேல் ஜக், பிறகு சட்டத்துக்கு அடியில் ஸ்டாண்ட். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை நீட்ட வேண்டாம். ஓர் அலவாங்கு, ஒரு டோர்ச், உதவிக்கு ஓர் ஆள். இவ்வளவு போதும்.

திருப்பும்போது கறகறவென்று சத்தம், அல்லது ஒரு டொக்

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மற்றக் கோளாறுகள் ரயரைத் தின்னும், கையை நோகடிக்கும். இது சில்லையே மடக்கிவிடும்.

மைனரின் முன் சில்லைத் தாங்கும் நிமிர்ந்த தண்டின் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் மரை இருக்கிறது. அந்த மரைகள் டிரன்னியன் என்ற உலோகத் துண்டுகளுக்குள் திருகி இருக்கின்றன. நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அந்தத் தண்டு டிரன்னியனுக்குள் மரையிலேயே சுழல்கிறது. காரின் அந்த மூலையின் பாரம் முழுவதும் கீழ் டிரன்னியனின் மரையில்தான் தொங்குகிறது. மரைக்கும் மரைக்கும் இடையில் கிறீஸ் இருக்கும்வரை பிரச்சினை இல்லை. கிறீஸ் காய்ந்து, அங்கே மணலும் உப்புத் தண்ணீரும் போய்விட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் மரை அரைபடும். ஒரு நாள் மரை முழுவதும் போய், தண்டு டிரன்னியனை விட்டுக் கழன்று, சில்லு மட்கார்டுக்குள் மடங்கும்.

எங்கள் காருக்கு இது நடந்தது. உப்புவெளியில் ஓர் ஒழுங்கையிலிருந்து பெரிய வீதிக்கு ஏறுவதற்காக முழுவதுமாகத் திருப்பினேன், நடை வேகம்தான். டொக் என்று ஒரு சத்தம். கார் இடது பக்கமாகக் குந்திவிட்டது. பின் சீட்டில் அம்மா இருந்தார். ஐந்து நிமிடம் முன்பு நிலாவெளி வீதியில் அறுபதில் வந்துகொண்டிருந்தோம் என்பதை நினைக்க இன்றும் கை நடுங்குகிறது. அதற்கு முந்திய மாதம்தான் ஒரு கராஜில் கிறீஸ் அடித்துக் காசும் கொடுத்திருந்தேன். கழற்றிப் பார்த்தால் கிறீஸ் ஏற்றும் கீழ் நிப்பிளின் துளை பழைய பெயின்டால் அடைபட்டு இருந்தது. கிறீஸ் கன்னை வைத்து அழுத்தியிருக்கிறார்கள். கிறீஸ் நிப்பிளின் பக்கவாட்டால் பிதுங்கி வெளியே பூசியிருக்கிறது. உள்ளே ஒரு சொட்டும் போகவில்லை.

அதன்பிறகு இதைச் சரிசெய்து தந்த வயதான மெக்கானிக் பாஸ் ஒருவர் சொன்னதை அப்படியே பின்பற்றுகிறேன். "தம்பி, கிறீஸ் உள்ளே போகுதா என்று பார்க்காதே, பழைய கிறீஸ் வெளியே வருதா என்று பார்" என்றார். புதுக் கிறீஸ் அடிக்க அடிக்க, மரையின் ஓரத்தால் முதலில் கறுப்பாக, பிறகு மணலோடு சாம்பல் நிறமாக, கடைசியில் போட்ட நிறத்திலேயே வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் நிப்பிளைக் கழற்றி, மெல்லிய கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அப்போதும் போகவில்லை என்றால் உள்ளே கிறீஸ் கல்லாகிவிட்டது. கொஞ்சம் ஈபி 90 கியர் எண்ணெயை முதலில் உள்ளே செலுத்தி, ஓர் இரவு ஊறவிட்டு, அடுத்த நாள் ஒருவர் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் திருப்பத் திருப்ப மற்றவர் கிறீஸ் அடிக்க வேண்டும்.

கிறீஸ் அடிக்கும்போது சில்லு தரையில் இருக்கக் கூடாது. கீழ் சஸ்பென்ஷன் கைக்கு அடியில் ஜக் வைத்துத் தூக்கினால் பாரம் மரையை விட்டு நீங்கும், கிறீஸ் எல்லாப் பக்கமும் ஓடும். பாரத்தோடு அடித்தால் எந்த முகம் நெருங்கி அரைபடுகிறதோ அந்த முகத்துக்கு மட்டும் கிறீஸ் போகாது.

தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க, அதே நிலையில் ரயருக்கு அடியில் அலவாங்கைக் கொடுத்து மெதுவாக மேலே நெம்புங்கள். உதவியாள் டிரன்னியனைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தண்டு மரைக்குள் மேலும் கீழும் அசைவது கண்ணுக்குத் தெரிந்தால் அந்தக் காரை ஓட்ட வேண்டாம். டிரன்னியனை மட்டும் மாற்றிப் பழைய தண்டை விடுவதும் சரியில்லை, தேய்ந்த மரை புது மரையையும் விரைவில் தின்றுவிடும். வாங்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: இடப் பக்கத்து மரையும் வலப் பக்கத்து மரையும் எதிர் எதிர்த் திசையில் வெட்டியவை. ஒன்றை மற்றதற்கு மாட்ட முடியாது.

பழைய கைநூல்களில் 1,000 மைலுக்கு ஒரு தடவை கிறீஸ் என்று இருக்கிறது. நம் ஊருக்கு அது சரியான கணக்கு. மாரிக்காலத்தில் தேங்கிய தண்ணீருக்குள் ஓட்டியிருந்தால் மைலை எண்ணாமல் அந்த வாரமே அடித்துவிடுங்கள். மீன்பிடிப் படகு இன்ஜின்களுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிறீஸ் இங்கே எளிதாகக் கிடைக்கிறது, நான் அதைத்தான் போடுகிறேன். வகை மாற்றும்போது பழையதை முழுவதும் தள்ளி வெளியேற்றிவிட வேண்டும். சில கிறீஸ்கள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இளகி ஓடிவிடும்.

ஸ்டியரிங் வெறுமையாக ஆடுகிறது

ராக் உள்ள காரில் ஸ்டியரிங் வளையத்தைக் கொஞ்சம் அசைத்தாலே சில்லு கூடவே அசைய வேண்டும். இரண்டு விரல் அகலம் வெறுமையாக ஆடினால் எங்கோ இளக்கம் இருக்கிறது. கார் தரையிலேயே நிற்கட்டும். ஒருவர் உள்ளே இருந்து வளையத்தை இப்படியும் அப்படியும் சிறிதாக ஆட்டிக்கொண்டே இருக்க, மற்றவர் மேலிருந்து கீழாக ஒவ்வொரு மூட்டிலும் கை வைத்துப் போக வேண்டும். அசைவு ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்குப் போகாத இடம்தான் பிழை.

முதல் இடம், ஸ்டியரிங் தண்டு பினியனோடு சேரும் கவ்வி. மிதிபலகைக்குப் பக்கத்தில், கார்ப்பெட்டைத் தூக்கினால் தெரியும். அந்த ஒரு போல்ட் இளகியிருந்தாலே பாதி ஆட்டம் வரும், ஒரு ஸ்பனரோடு வேலை முடியும். அடுத்தது, ராக்கை இன்ஜினுக்குப் பின்னால் உள்ள சுவரோடு பிடித்திருக்கும் இரண்டு கவ்விகள். ராக்கின் குழாயே பக்கவாட்டில் நகர்கிறது என்றால் அவைதான். பிறகு ரப்பர் உறைக்குள் இருக்கும் உள் மூட்டு. உறையின் மேலாகவே இறுக்கிப் பிடித்தால் உள்ளே டக் டக் என்பது விரலில் தெரியும். கடைசியாக வெளி மூட்டு, அதாவது ரை ரொட் என்ட். நான் பார்த்தவரை பத்தில் ஏழு தடவை அதுதான். ராக்கைக் கழற்றுவது கடைசி வேலையாக இருக்கட்டும்.

அடுத்து சில்லைத் தூக்கி ஆட்டிப் பாருங்கள். ஒன்பது மணி, மூன்று மணி இடங்களில் பிடித்து ஆட்டினால் வரும் இளக்கம் ரை ரொட் பக்கம். பன்னிரண்டு மணி, ஆறு மணி இடங்களில் ஆட்டும்போது வந்தால், ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் டிரன்னியன். மைனரின் முன் பேரிங் இரண்டும் குண்டு பேரிங், நடுவில் ஓர் இடைவளையம் வைத்து இறுக்கியவை. இந்தக் காலத்துக் கார்களைப் போல நட்டை இறுக்கி ஆட்டத்தை எடுக்க முடியாது. ஆடினால் பேரிங் முடிந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஸ்டியரிங் பாரமாக இருக்கிறது

கோணேசர் கோயிலுக்குப் பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் ஏறும்போது இது நன்றாகத் தெரியும். மெதுவாகப் போக வேண்டும், மான்கள் குறுக்கே நிற்கும், திருப்பத் திருப்பத் தோள் நோகும். காற்றுச் சரியாக இருந்தும் பாரம் என்றால் வேலையை இரண்டாகப் பிரியுங்கள்.

இரண்டு முன் சில்லுகளையும் தூக்கிவிட்டு, ரை ரொட் என்ட்களைச் சில்லோடு சேர்ந்த ஸ்டியரிங் கையிலிருந்து பிரித்துவிடுங்கள். நட்டை முழுவதும் கழற்றாமல் சில மரை இளக்கி, ஸ்டியரிங் கையின் கண்ணுக்கு ஒரு பக்கம் பாரமான சுத்தியலை அணைத்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கழன்றுவரும். மரையின் தலையில் அடிக்க வேண்டாம். இப்போது ஸ்டியரிங் வளையத்தை மட்டும் திருப்பிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு சில்லையும் கையால் மட்டும் திருப்பிப் பாருங்கள். வளையம் இலேசு, சில்லு பாரம் என்றால் டிரன்னியன் காய்ந்துவிட்டது, மேலே சொன்ன கிறீஸ் வேலை. வளையமே பாரம் என்றால் ராக் அல்லது தண்டு.

ராக் பாரமாவதற்குப் பெரும்பாலும் காரணம் கிழிந்த ரப்பர் உறை. ராக்குக்குள் இருக்க வேண்டியது கிறீஸ் இல்லை, கியர் எண்ணெய், ஈபி 90. உறை கிழிந்தால் எண்ணெய் ஒழுகும், அந்த வழியாகவே மணல் ஏறும். உறையை மாற்றிய பிறகு, உறையின் உள்பக்கக் கவ்வியை இளக்கி, மருந்துக் கடையில் வாங்கும் பெரிய ஊசிக் குழலால் எண்ணெயை ஏற்றலாம். 200 மில்லிலீட்டருக்கு மேல் போகத் தேவையில்லை. அளவுக்கு மிஞ்சினால் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது எண்ணெய் நெருக்கி, போட்ட புது உறையையே வெடிக்கவைக்கும். கிழிந்த உறையோடு நீண்ட நாள் ஓடிய ராக்கில் எண்ணெய் மட்டும் விட்டால் போதாது, கழற்றிக் கழுவத்தான் வேண்டும்.

திருப்பத்தை முடித்துக் கையை விட்டதும் ஸ்டியரிங் தானாக நேராகாமல் நிற்பதும் இதே குடும்பத்து நோய்தான். ஒரு பக்கம் மட்டும் திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பக்கத்து டிரன்னியனில் தொடங்குங்கள்.

கார் ஒரு பக்கம் இழுக்கிறது

நம் வீதிகள் மழைத் தண்ணீர் வடிய ஓரத்துக்குச் சாய்ந்திருக்கின்றன. நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே இடப்பக்கம் மெல்ல இழுப்பது காரின் பிழையாக இல்லாமலும் இருக்கலாம். சமதரையான வீதியில் பார்த்துவிட்டுத்தான் காரைக் குறை சொல்ல வேண்டும்.

இழுப்பு எப்போதும் இருக்கிறதா, பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? எப்போதும் என்றால் முன் ரயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போடுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் ரயர்தான். மாறாவிட்டால், பத்துக் கிலோமீற்றர் ஓடிய பிறகு இறங்கி இரண்டு முன் சில்லின் நடுப்பகுதியிலும் கையை அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று சுடுகிறது என்றால் பிரேக் உள்ளே விடாமல் பிடிக்கிறது. மாரியில் கார் வாரக்கணக்கில் நின்றால் சிலிண்டருக்குள் துரு ஏறி இப்படி ஆகும். மைனரின் முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சிலிண்டர்கள் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும்.

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் பிரேக்கோடு சேர்த்து இன்னொன்றையும் பாருங்கள். கீழ்க் கையிலிருந்து முன்னோக்கிச் சட்டத்துக்குப் போகும் ஒரு கம்பி இருக்கிறது. அதன் முன் நுனியில் இருக்கும் ரப்பர் புஷ் நைந்தால், பிரேக் பிடித்ததும் அந்தச் சில்லு முழுவதுமே பின்னால் நகர்ந்து கார் அந்தப் பக்கம் ஓடும். புஷ்ஷின் விலை சொற்பம். எண்ணெய் ஒழுகும் இன்ஜினுக்குக் கீழே இருப்பதால் அது விரைவில் ஊறிப் போகிறது.

கார் நிற்கும்போதே ஒரு பக்கம் தாழ்ந்து இருந்தால், முறுக்கி வில்லாக வேலை செய்யும் டோர்ஷன் பார் களைத்திருக்கலாம். இரண்டு பக்கமும் சில்லின் நடுவிலிருந்து மட்கார்டின் ஓரம்வரை அளந்து பாருங்கள். அந்தப் பாரைத் தளர்த்தித் திரும்பப் பூட்டும் வேலையைப் பழகியவரிடம் விடுங்கள். முறுக்கிய பாருக்குள் கை எலும்பை உடைக்கும் விசை இருக்கிறது. பாரின் பின் நுனியைப் பிடித்திருக்கும் குறுக்குச் சட்டம் துருப்பிடித்திருக்கிறதா என்று முதலில் ஒரு திருப்புளியால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் ஸ்டியரிங் வேலையை நிறுத்திவிட்டு வெல்டிங் செய்பவரைத் தேட வேண்டும்.

நேர் வீதியில் அலைகிறது

கச்சான் காற்றுக் காலத்தில் கிண்ணியாப் பாலத்தில் ஏறினால் இது தெரிந்துவிடும். 396 மீற்றர் நீளம், இரண்டு பக்கமும் தண்ணீர், பக்கக் காற்று. நல்ல மைனர் ஒரு சிறிய பிடிக்குக் கட்டுப்படும். அலைகிற கார் அங்கே கையை ஓய விடாது.

ஆட்டம் எதுவும் இல்லாமல் அலைகிறது என்றால் பெரும்பாலும் முன் சில்லுகளின் உள்சாய்வு, அதாவது டோ இன். மைனருக்கு அது 3/32 அங்குலம், ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர். முன்புற இடைவெளி பின்புற இடைவெளியை விட அவ்வளவு குறைவாக இருக்க வேண்டும். இதற்குக் கணினி உள்ள கடைக்குப் போகலாம், வீட்டிலும் செய்யலாம். காரைச் சமதரையில் முன்னால் தள்ளி நிறுத்துங்கள், பின்னால் உருட்டி நிறுத்த வேண்டாம். சில்லின் நடு உயரத்தில், இரண்டு ரிம்களின் முன் ஓரங்களுக்கு இடையில் உள்ள தூரத்தை ஒரு குச்சியால் எடுத்து, ரிம்மில் அந்த இடத்தைச் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு குறி பின்னால் வரும்வரை காரை அரைச் சுற்று முன்னால் தள்ளி, அதே இரு புள்ளிகளுக்கு இடையில் மீண்டும் அளவு. ரிம் கொஞ்சம் வளைந்திருந்தாலும் அளவு கெடாது, ஏனென்றால் அளந்தது அதே இடங்களைத்தான்.

திருத்தும்போது ரை ரொட்டின் லொக் நட்டை இளக்குவதற்கு முன் ரப்பர் உறையின் வெளிக் கவ்வியை இளக்கிவிடுங்கள். மறந்தால் ரொட்டோடு உறையும் முறுக்கிக் கிழியும். இரண்டு பக்கத்தையும் ஒரே அளவு திருப்பினால்தான் ஸ்டியரிங் வளையம் நேராக நிற்கும். ரயரின் ஓரத்தைக் கையால் தடவும்போது ஒரு திசையில் வழுக்கி மறு திசையில் அரம்போல உரசினால், இந்த அளவு தவறியிருக்கிறது என்று அர்த்தம்.

டோ இன் சரி, இன்னும் அலைகிறது என்றால் பின்னால் போங்கள். பின் இலை வில்லைப் பிடிக்கும் யூ போல்ட் இளகினாலோ, வில்லின் புஷ் போனாலோ, பின் அச்சே காரைத் திருப்பும். அதை ஸ்டியரிங் கோளாறு என்று நினைத்து முன்பக்கத்தையே மாதக்கணக்கில் கழற்றிப் பூட்டியவர்கள் உண்டு.

ஸ்டியரிங் நடுங்குகிறது

எழுபது எண்பதில் மட்டும் வந்து, வேகம் மாறினால் போய்விட்டால் சில்லின் சமநிலை. மழைக்குப் பின் கந்தளாய்ப் பக்கம் போய் வந்தீர்கள் என்றால் முதலில் ரிம்மின் உள்பக்கத்தைக் கழுவுங்கள், ஒட்டிக் காய்ந்த சேறே போதும் நடுக்கத்துக்கு. எந்த வேகத்திலும் ஒரு குழியில் விழுந்ததும் தொடங்கி நிற்காமல் உதறினால் டிரன்னியன், ரை ரொட் என்ட் இரண்டையும் பாருங்கள், மேலே இருக்கும் ஷொக் அப்சோபரையும் சேர்த்து. மைனரில் அதன் கைதான் மேல் சஸ்பென்ஷன் கையாகவும் வேலை செய்கிறது.

உங்கள் காரில் ராக் இல்லை என்றால்

ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் ஸ்டியரிங் பெட்டி இருக்கும். அதில் கொஞ்சம் ஆட்டம் இயல்பு. பெட்டியின் மேல் இருக்கும் சரிசெய்யும் திருகாணியைக் கண்டதும் இறுக்க வேண்டாம். பெட்டி நடுவில்தான் அதிகம் தேயும். நடு ஆட்டம் போகும்வரை இறுக்கினால் ஓரங்களில் பிடித்துக்கொள்ளும், திருப்பத்தில் ஸ்டியரிங் திரும்பி வராது. கம்பிகளைப் பிரித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒவ்வொரு தடவையும் ஓரம்வரை திருப்பிப் பாருங்கள். அதற்கும் முன்னால் பெட்டியில் எண்ணெய் இருக்கிறதா, எதிர்ப் பக்கத்தில் கம்பியைத் தாங்கும் ஐட்லர் கை ஆடுகிறதா என்று பாருங்கள்.

எந்த வேலை முடிந்தாலும் முதல் ஓட்டம் நிலாவெளிவரை போய் வரும் தூரம் போதும், ஐம்பதுக்குள். வந்ததும் மீண்டும் அடியில் படுத்து லொக் நட்களில் ஸ்பனர் வைத்துப் பாருங்கள். கழற்றிய ஒவ்வொரு கோட்டை நட்டிலும் (தலையில் வெட்டுள்ள நட்) புது ஸ்பிளிட் பின் போட்டிருக்கிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்க்காமல் விரலால் தொட்டு எண்ணுங்கள்.